தையல் மிஷின் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

திருவனந்தபுரம், சாலைக் கடைத்தெரு. ஓணத்துக்கு முந்திய வாரங்களில் அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தோளோடு தோள் இடிபடாமல் பத்தடி போக முடியாது. போனஸும் சீட்டுப் பணமும் ஒரே சமயத்தில் கைக்கு வரும் காலம் அது. துணிக்கடை, பாத்திரக்கடை, பலசரக்குக் கடை என்று ஏறி இறங்கும் குடும்பங்களில் சில, தையல் மிஷின் கடை வாசலிலும் தயங்கி நின்று விடுகின்றன. கணவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கொள்கிறார். மனைவி மிஷினைத் தொட்டுப் பார்க்கிறார். கறுப்பு நிறம், பொன்னிறப் பூவேலை, பளபளக்கும் சக்கரம். யாருக்குத்தான் ஆசை வராது?

இப்படித்தான் கரமனைப் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பமும் போன ஓணத்துக்கு முன்பு வாசலேறியது. கணவர் தனியார் கம்பெனியில் குமாஸ்தா. சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். இரண்டு பெண் குழந்தைகள். வாடகை, பள்ளிச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது பஸ் கட்டணந்தான். பெண்களுக்குப் பாவாடை சட்டை தைக்க வெளியே கொடுக்கும் கூலியாவது மிஞ்சட்டுமே என்று மனைவி நினைத்தார். முடிந்தால் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்து நாலு காசு பார்க்கலாம் என்பதும் உள்ளே ஒரு கணக்கு. சீட்டு எடுத்த பணத்தில் பாதி முன்பணமாகப் போயிற்று, மீதிக்குத் தவணை. மேஜை, மோட்டார், மின்விளக்கு எல்லாம் சேர்ந்த பெரிய செட் வீட்டுக்கு வந்தது.

மாசி மாதம் அந்த மிஷினின் மேல் துணி விரித்து, அதன் மேல் டெலிவிஷன் பெட்டி உட்கார்ந்திருந்தது. தவணை மட்டும் இன்னும் மூன்று பாக்கி.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சாலையிலும், அட்டக்குளங்கரையிலும், வலியசாலைத் தெருக்களிலும் விசாரித்தால் இப்படி உறங்கும் மிஷின்கள் பல வீட்டில் அகப்படும். மிஷின் கெட்டதா என்றால் இல்லை. கற்றுக் கொள்ளும் மனம் இல்லையா என்றால் அதுவும் இல்லை. அந்த அம்மாளுக்கு நடந்தது இவ்வளவுதான். சமையலறையில் பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலால் துணியை வெட்டினார். துணி நறுக்கென்று விழாமல் மென்று துப்பியது போல் ஆயிற்று. கடைத்தெருவில் அகப்பட்ட மலிவு நூல் அடிக்கடி அறுந்தது. ஒரு ஊசி ஒடிந்ததும் பக்கத்துப் பெட்டிக் கடையில் வாங்கிய வேறு ஊசி மிஷினில் சரியாக உட்காரவே இல்லை. மோட்டார் மிதியைத் தொட்டதும் துணி பறந்தது. மூத்த மகளின் பிறந்த நாளுக்கு வாங்கிய துணி வீணானது. அன்று இரவு வீட்டில் பேச்சு வார்த்தை கொஞ்சம் தடித்ததாம். மறுநாள் மிஷினுக்கு உறை போட்டாகி விட்டது.

ஆற்றுகால் போகும் வழியில் சிறு கடை வைத்திருக்கும் ஒரு முதிய தையற்காரரிடம் கடைசியில் அந்த அம்மாள் போய் நின்றார். நாகர்கோவில்காரர். நாற்பது வருஷத்துக்கு மேல் கத்தரி பிடித்த கை. வலது கைப் பெருவிரலில் காய்ப்பு கல்லாகி விட்டது. அவர் சிரித்துக் கொண்டே சொன்னது இது:

“மிஷினு எங்க மக்களே ஓடிப்போவப் போவுது? மொதல்ல கத்திரி வாங்கியிருக்கணும். கையில ஊசி பிடிச்சுப் பழகியிருக்கணும். ஒரு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா, அதுக்கப்புறம்லா மிஷினு!”

அவர் சொன்ன வரிசையே சரியான வரிசை. வீட்டிலிருந்து தையல் கற்க விரும்பும் பெண்களுக்கும், ஓய்வு நேரத்தில் பழக விரும்பும் ஆண்களுக்கும் (அப்படியும் சிலர் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய தையற்காரர்கள் எல்லாம் ஆண்கள்தானே) அந்த வரிசையிலேயே விஷயத்தைச் சொல்வது பயன்படும்.

கத்தரியில் கஞ்சத்தனம் வேண்டாம்

தையலுக்கு வேண்டிய சாமான்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால் அது துணி வெட்டும் கத்தரிக்கோல். எட்டு அங்குலம் முதல் பத்து அங்குல நீளம் வரை உள்ளது வீட்டுக்குப் போதும். பெரிய கடைகளில் தொங்கும் பன்னிரண்டு அங்குலக் கத்தரி, அடுக்கி வைத்த துணியை வெட்டும் பழகிய கைக்கு. புதிதாகப் பிடிப்பவருக்கு மணிக்கட்டு வலிக்கும்.

கடையில் நின்றே சோதிக்க வேண்டும். கையோடு ஒரு பழைய மல் துணித் துண்டைக் கொண்டு போங்கள். இரண்டாக மடித்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். அடிப்பாகத்தில் எல்லாக் கத்தரியும் வெட்டும். நுனி வரை துணியைக் கடிக்காமல் வெட்டுவதுதான் நல்ல கத்தரி. ரவிக்கைக் கழுத்தும் கைக்குழியும் நுனியில்தான் வெட்டுப்படுகின்றன. பிடியில் விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அதற்கென்று செய்த கத்தரியைக் கேட்டு வாங்குவது நல்லது. வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் இரு அலகும் விலகி, வெட்டும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து விடும்.

உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் கத்தரிக்குப் பேர் போனது. அங்கே பழைய வண்டிகளிலும் ரயில்வேயிலும் கழித்துப் போட்ட இரும்பை உருக்கி அடித்து அலகு செய்கிறார்கள். பித்தளைப் பிடி போடுகிறார்கள். தாத்தா வாங்கினால் பேரன் பயன்படுத்துவான் என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். 2013-ல் மீரட் கத்தரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அலகு மழுங்கினால் சாணை பிடித்துக் கொள்ளலாம் என்பது இந்த மாதிரிக் கத்தரியின் சௌகரியம். பிளாஸ்டிக் பிடி போட்ட மலிவுக் கத்தரிகள் பலவற்றில் சாணை பிடிக்க இரும்பே இருக்காது.

வாங்கிய பிறகு ஒரு சட்டம் போட வேண்டும். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. குழந்தைகளின் பள்ளிக்கூட அட்டை வேலைக்கு அது போகவே கூடாது. காகிதம் துணிக் கத்தரியின் கூர்மையைத் தின்று விடும். கசவு வேட்டி, செட்டுமுண்டின் சரிகையும் அப்படித்தான். சரிகை வெட்ட வேறு பழைய கத்தரி ஒன்று இருக்கட்டும். நூல் கத்தரிக்க ஒரு சின்னக் கத்தரி தனியாக வேண்டும்.

நாடாவும் சாக்கும்

அளவு நாடா அற்ப விஷயம் என்று தோன்றும். ஆனால் தவறான அளவு நாடாவால் வெட்டிய துணியை எந்த மிஷினாலும் சரி செய்ய முடியாது. 60 அங்குலம், அதாவது ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் நீளமுள்ள நாடாதான் வழக்கம். வாங்கும் போது ஸ்டீல் அடிக்கோல் ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் 12 அங்குலம் சரியாகப் பொருந்த வேண்டும். இழுத்தால் நீளும் துணி நாடாவைத் தொடவே வேண்டாம். கடையில் துணி மீட்டரில் கிடைக்கும். தையற்காரர் வாயில் அங்குலம் வரும். ஒரு மீட்டர் என்பது 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் என்று நினைவில் வைத்துக் கொண்டால் குழப்பமில்லை.

அடையாளம் போடத் தையல் சாக் ஒன்று. பால் பாயிண்டுப் பேனாவால் துணியில் கோடு போடும் பழக்கம் குமாஸ்தா வீடுகளில் அதிகம், அது துவைத்தாலும் போகாது. கறுப்பு, நீலம், அரக்குத் துணிகளில் தேய்ந்து போன சோப்புத் துண்டின் ஓரமே சாக்கை விட நன்றாக வேலை செய்யும், காசும் இல்லை. வெள்ளைத் துணியில் வெளிறிய நிறச் சாக்கு. அதையும் ஒரு மூலையில் போட்டுத் துவைத்துப் பார்த்து விட்டுத்தான் நடுவில் போட வேண்டும்.

வடிவம் வெட்டிப் பழகப் பழைய செய்தித்தாளே போதும். இந்தத் தாளும் படித்து முடித்த பின் அதற்கு உதவும்! வெள்ளைத் துணியின் மேல் மட்டும் செய்தித்தாளை அழுத்தி வைக்காதீர்கள், மை ஒட்டிக் கொள்ளும். அதற்குப் பழுப்புத் தாள்.

குண்டூசி ஒரு பெட்டி, விரலில் மாட்டும் உறை ஒன்று, தவறாகப் போட்ட தையலைப் பிரிக்க ஒரு பிரிப்பான். கடைசியில் சொன்னதை வெட்கப்படாமல் முதலிலேயே வாங்கி விடுவது நல்லது. முதல் ஆறு மாதம் அதற்குத்தான் வேலை அதிகம். இஸ்திரிப் பெட்டியும் தையல் சாமான்தான் என்பதைப் பலர் ஒப்புக் கொள்வதில்லை. ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் விரித்து வைத்து இஸ்திரி போட்டவர் தைத்த சட்டைக்கும், கடைசியில் ஒரே தடவையாகத் தேய்த்தவர் தைத்த சட்டைக்கும் வித்தியாசம் தெருமுனையிலிருந்தே தெரியும்.

ஊசியின் எண்ணில் ஒரு சூட்சுமம்

ஊசி வாங்கப் போகும் புதியவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஏமாற்றுவது கடைக்காரர் அல்ல, எண். கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். மிஷின் ஊசியில் எண் கூடக் கூட ஊசி பருக்கும்! மெல்லிய ரவிக்கைத் துணிக்கு 11 அல்லது 14, சாதாரண பாப்ளின், தலையணை உறைக்கு 14 அல்லது 16, ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிக்கு 16 அல்லது 18 என்று வைத்துக் கொள்ளலாம்.

அடுத்தது இனம். வீட்டு மிஷினுக்குரிய ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், உறையில் எச்.ஏ. x 1 என்று போட்டிருப்பார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மிஷின் ஊசியின் தலை உருண்டையாக இருக்கும், அது டி.பி. x 1. கரமனை அம்மாளுக்குப் பெட்டிக் கடையில் கிடைத்தது இந்த இரண்டாவது. மிஷின் ஊசி வாங்கப் போகும் போது ஒடிந்த ஊசியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக் கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை. மலையாளத்தில் ஊசி ‘சூசி’, கத்தரி ‘கத்ரிக’; சாலையில் தமிழே செல்லும் என்றாலும் மற்ற இடங்களில் இந்த இரண்டு சொல் உதவும்.

ஊசியின் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். வாங்கும் அன்றே கடைக்காரரை மாட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துக் கொள்ள வேண்டும். திசை மாறினால் தையலே விழாது. நுனி மழுங்கிய ஊசியால் தைத்தால் ‘டக் டக்’ என்று துணியைக் குத்தும் சத்தம் கேட்கும். துணியில் இழை இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் மாற்றி விட வேண்டியதுதான். ஊசியின் விலை துணியின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

நூல் விஷயத்தில் திருநெல்வேலி, மதுரைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரத்தில் 1880-களில் ஹார்வி கம்பெனியார் தாமிரவருணித் தண்ணீரின் பலத்தில் ஆலை போட்டார்கள். அந்த வழியில் வந்த மதுரா கோட்ஸ் நூல்தான் நாடெங்கும் தையல் கடைகளில் ஓடுகிறது. எந்தக் கம்பெனி நூலானாலும் வாங்கும் போது ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடிச்சும் பிசிறும் தெரிந்தால் வைத்து விடுங்கள். இரு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் சுலபமாக அறும் நூல் மிஷினில் ஒரு கை நீளம் கூட ஓடாது.

முதல் மாதம் மிஷின் இல்லாமல்

இவ்வளவையும் வாங்க ஆகும் செலவு மிஷின் விலையில் ஒரு சிறு பங்குதான். இவற்றை வைத்துக் கொண்டு ஒரு மாதம் கையாலேயே தைக்கலாம். பழைய லுங்கி, கிழிந்த பருத்திச் சேலை இவையே பாடப் புத்தகம். ஓட்டுத் தையல், ஓரம் மடித்துத் தைப்பது, பட்டன், கொக்கி, காஜா. தலையணை உறை ஒன்று, சந்தைக்குப் போகும் பை ஒன்று. துணியின் நெடுக்கு எது, குறுக்கு எது, மூலைவாட்டில் இழுத்தால் ஏன் நீள்கிறது என்பது கைக்குத் தெரிந்து விடும். புதுப் பருத்தித் துணியையும் லைனிங் துணியையும் வெட்டுமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்த வேண்டும் என்ற புத்தியும் வந்து விடும். அதை மறந்தவர் தைத்த ரவிக்கை முதல் துவைப்பிலேயே தங்கைக்குப் போய் விடும்.

ஒரு மாதத்தில் அலுத்து விட்டால் நஷ்டம் சில நூறு ரூபாய். கத்தரி எப்படியும் வீட்டுக்கு ஆகும். அலுக்கவில்லை என்றால் மிஷின் கடைக்குப் போகலாம்.

காந்தியடிகள் விலக்களித்த இயந்திரம்

இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்தியடிகள் ஒரே ஒரு இயந்திரத்தை மனமாரப் பாராட்டியிருக்கிறார் என்றால் அது தையல் மிஷின். அந்தப் பாராட்டை வரவழைத்தவர் இந்தத் திருவனந்தபுரத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் 1924-ல் டில்லியில் அவரைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். சிங்கர் தையல் மிஷினை விதிவிலக்காகக் காட்டினார் காந்தியடிகள். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்ற கதையையும் சொன்னார். இளைஞர் விடவில்லை. அந்த மிஷினைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். அத்தகைய தொழிற்சாலை அரசாங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்றார் காந்தியடிகள். இந்த உரையாடல் அவ்வாண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளிவந்தது. அதே ராமச்சந்திரன் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தை மணந்து, 1947-ல் இருவருமாகத் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியது தமிழர்கள் அறிந்த சரித்திரம்.

சிங்கரின் மனைவி கதை என்னவோ அழகான கதைதான். உண்மையில் ஐசக் சிங்கர் 1850-ல் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் பழுது பார்க்க வந்த மிஷினைப் பார்த்து, அதைத் திருத்தி, 1851-ல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே 1846-ல் எலையாஸ் ஹோ என்பவர் காப்புரிமை எடுத்திருந்தார். பிரான்சில் திமோனியே 1830-லேயே ஒரு மிஷின் செய்து, அது பாரிசுத் தையற்காரர்களின் கோபத்துக்கு ஆளாகி, 1831-ல் அவர் பட்டறையையே அடித்து நொறுக்கினார்கள். சிங்கரின் குடும்ப வாழ்க்கையோ பல மனைவியரும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுமாக இருந்தது. அந்த விஷயம் இங்கே வேண்டாம்.

ஆனால் சிங்கர் கம்பெனி செய்த இன்னொரு காரியம் நம் கதைக்கு வேண்டும். 1856-ல் அவர் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையில் மிஷின் விற்கத் தொடங்கினார். சாதாரணக் குடும்பங்கள் தவணையில் வாங்கிய முதல் சாமான்களில் ஒன்று தையல் மிஷின்தான். இன்று கரமனைக் குடும்பம் கட்டும் தவணைக்கு வயது நூற்றுக்கு மேல்! தவணையில் வாங்குகிறவர்கள் மாதத் தொகையை மட்டும் கேட்காமல், முன்பணமும் எல்லாத் தவணையும் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ரொக்க விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வருஷத்து நூல் வாங்கலாம்.

எந்த மிஷின்?

இந்தியாவிலேயே மிஷின் செய்யும் முயற்சி 1930-களின் நடுவில் வெற்றி பெற்றது. பிஷன் தாஸ் பேசில் என்பவர் செய்து, தம் மகள் பெயரை அதற்கு வைத்தார்: உஷா. பின்னர் லாலா ஸ்ரீராம் அதைக் கையிலெடுத்துக் கல்கத்தாவில் பெருக்கினார். பஞ்சாபின் லூதியானா நகரத்தில் மிஷினும் உதிரிப் பாகமும் செய்யும் பட்டறைகள் ஏராளம். அதனால்தான் பழைய கறுப்பு மிஷினுக்கு உதிரிப் பாகம் கிடைக்காத ஊரே இல்லை.

கற்றுக் கொள்பவருக்கு அந்தக் கறுப்பு மிஷினே சரி. நேர்த் தையல் மட்டும் போடும், காலால் மிதிக்கும் மிஷின். மோட்டார் பிறகு மாட்டிக் கொள்ளலாம். காலால் மிதிக்கும் போது கால் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகந்தான் ஊசிக்கும். கரண்டு போனாலும் வேலை நிற்காது. முதலில் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தி, ஊசி அசையாமல் வெறுமனே மிதித்துப் பழக வேண்டும். சக்கரம் நம்மை நோக்கியே சுழல வேண்டும். பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறும். மிதி பழகிய பின், நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளின் மேல் கோட்டோடு ஓட்ட வேண்டும். ஊசி ஓட்டை கோட்டை விட்டு விலகாமல் நாலு தாள் முடித்தவருக்குத் துணியைக் கொடுக்கலாம். அதற்குக் கழித்த ஊசியைப் பயன்படுத்துங்கள்.

ஜிக்ஜாக் போடும் வெள்ளை மின் மிஷின்கள் பார்வைக்கு அழகு. காஜாவும் போடும், தூக்கி அலமாரியில் வைத்துக் கொள்ளலாம். ஒற்றை அறை வீட்டுக்கு அது பெரிய வசதி. ஆனால் முரட்டுத் துணியை நாள் முழுவதும் தைக்க அவற்றில் எல்லாமே ஏற்றவை அல்ல. கூலிக்குத் தைக்கும் எண்ணம் இருந்தால் கனமான டெய்லர் மாடல் வேண்டும். தொழிற்சாலைப் பவர் மிஷின் வீட்டில் கற்றுக் கொள்ளும் சாமானே அல்ல. சேலைக்கு ஃபால்ஸ் வைத்துப் பீக்கோ அடித்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு அதற்குரிய மிஷின் தனி. அது இரண்டாம் வருஷத்துக் கணக்கு.

ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்து அழுத்தும் குட்டி மிஷின் ஒன்று விளம்பரத்தில் வருகிறது. அது போடுவது ஒற்றை நூல் சங்கிலித் தையல். ஒரு நுனியை இழுத்தால் அரிசி மூட்டைத் தையல் மாதிரி முழுவதும் உருவிக் கொண்டு வந்து விடும். மேல் நூலும் பாபின் நூலும் பின்னிக் கொள்ளும் தையல்தான் உடுப்புக்கு உறுதி.

பழைய மிஷின் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் விற்கும் மிஷின்களில் நல்லவை உண்டு. பெயிண்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயும் இடறக் கூடாது. ஊசி பிடிக்கும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; ஆடினால் தேய்ந்து விட்டது. துணியை நகர்த்தும் பற்களை விரலால் தடவுங்கள். கூர் இருக்க வேண்டும். பாபின் உறையை நூலில் பிடித்துத் தொங்க விடுங்கள். தானே சரசரவென்று கீழே இறங்கக் கூடாது, லேசாகக் குலுக்கினால் கொஞ்சம் இறங்க வேண்டும். இரண்டு மடிப்புத் துணியில் தைத்து இரு பக்கமும் பாருங்கள். அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாக வந்தால் குற்றம் பெரும்பாலும் மேலேதான்: மேல் நூல் சரியாகக் கோக்கப்படவில்லை, அல்லது இறுக்கம் போதவில்லை. காலடியைத் தூக்கி வைத்துக் கொண்டு மறுபடி கோத்துப் பாருங்கள். இது தெரியாமல் கீழே பாபின் திருகைத் திருகித் திருகி மிஷினைக் கெடுத்தவர்கள் அநேகர்.

தேங்காய் எண்ணெய் கூடாது

இது தேங்காய் ஊர். நம் வீடுகளிலும் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான். மிஷின் கிறீச்சிட்டால் அதை ஊற்றி விடுகிறார்கள். சில வாரத்தில் அது பிசின் போல் இறுகி, தூசியும் பஞ்சும் ஒட்டிக் கொண்டு மிஷின் கனத்து விடும். மிஷின் எண்ணெய் சின்னப் புட்டி ஒன்று மாதக் கணக்கில் வரும். துளைக்கு ஒரு சொட்டு. பிறகு பழைய துணியில் ஓட்டிக் கசிவை எடுத்து விட வேண்டும்.

இங்கே இடவப்பாதி மழை ஒன்று, துலா மழை ஒன்று. காற்றில் எப்போதும் ஈரம். சுவரோரம் வைத்த மிஷினும், திறந்து போட்ட ஊசியும் கத்தரியும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒரு துண்டுத் துணியைக் காலடியின் கீழ் வைத்து இறக்கி விட்டு மூடுங்கள். கத்தரியை எண்ணெய்த் துணியில் துடைத்து வையுங்கள். தோல் பெல்ட் நாளடைவில் தளரும். சிறிது வெட்டிச் சுருக்கி மறுபடி கொக்கி போட்டால் போதும்.

‘இலவச மிஷின்’ செய்திகள்

மத்திய அரசு பெண்களுக்கெல்லாம் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது, இந்த எண்ணுக்குப் பெயரும் ஆதாரும் அனுப்புங்கள் என்று கைபேசியில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். அப்படிப்பட்டவை பொய் என்று அரசாங்கமே பலமுறை அறிவித்திருக்கிறது.

உண்மையில் இருப்பது 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம். அதில் சேர்க்கப்பட்ட 18 தொழில்களில் தையலும் ஒன்று. ஏற்கனவே சொந்தமாக அந்தத் தொழில் செய்பவருக்குப் பயிற்சி, பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், உபகரணம் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, குறைந்த வட்டியில் கடன். குடும்பத்துக்கு ஒருவர் மட்டுமே. அரசுப் பணியில் இருப்பவரும் அவர் குடும்பத்தினரும் சேர முடியாது. ஆகவே சர்க்கார் குமாஸ்தா வீடுகளுக்கு இது எட்டாக் கனி; கூலி வேலை செய்யும் நம்மவர் வீடுகளில் தைத்துப் பிழைப்பவர் விசாரிக்கலாம். தமிழ்நாட்டு அரசுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்கள், கணவரை இழந்தவர்கள், மாற்றுத் திறனாளிகளுக்கு இலவச மிஷின் வழங்கும் திட்டம் உண்டு. ஊரில் உள்ள அம்மாவுக்கோ தங்கைக்கோ மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம். அங்கேயும் தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

கரமனை அம்மாள் மாசி மாதத்திலேயே டெலிவிஷன் பெட்டியை இறக்கி வைத்து விட்டார். சாலையில் ஒரு மீரட் கத்தரி, நாடா, சாக், ஊசி எண் 14-ல் ஒரு பாக்கெட். மோட்டாரின் வாரைக் கழற்றி வைத்து விட்டு, மிதியில் நோட்டுத் தாள் ஓட்டப் பழகினார். பெண்கள் இருவரும் கணக்கு நோட்டைக் காணோம் என்று தேடினார்களாம். முதலில் தைத்தது ஐந்து தலையணை உறை; ஆறாவது நேராக வந்தது. வாரம் இரண்டு நாள் அந்தத் தையற்காரர் கடைக்குப் போய் வெட்டுவதைப் பார்த்து வந்தார். சம்பளம் வாங்க மறுத்த அவருக்கு வள்ளியூரிலிருந்து கருப்பட்டி வந்து சேர்ந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று இளைய மகள் உடுத்திப் போனது அம்மா தைத்த பாவாடை. இடுப்புப் பட்டி கொஞ்சம் இறுக்கம் என்று சாயங்காலம் அழுது கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தார். தவணையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.